பிடரியில் தொடங்கும் தலைவலி: மாத்திரையா, கழுத்துப்பட்டையா, சொடக்கா, பயிற்சியா?

கழுத்திலிருந்து வரும் தலைவலிக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் சிலவற்றைப் பார்த்துவிட்டு, பிசியோ (இயன்முறை மருத்துவர்) சொல்லித்தந்த பயிற்சியில் நின்றுவிட்டவன் நான். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் இது கழுத்துத் தலைவலிதானா என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் பிடரியின் ஒரு பக்கத்தில் தொடங்கி, அதே பக்கத்துக் கண்ணுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கம் மாறாது. கழுத்தைத் திருப்பினாலோ, குனிந்தபடியே வெகுநேரம் வேலை பார்த்தாலோ கூடும். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் கண்ணுக்கும் உணர்வு தரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. வலி எங்கே பிறந்தது என்பதை மூளையால் பிரித்தறிய முடியாமல் போவது அதனால்தான். நார்வே நரம்பியல் மருத்துவர் ஒத்தார் சியாஸ்டாட் 1983இல் இதற்குத் தனிப் பெயர் வைத்தார். ஒற்றைத் தலைவலியிலும் கழுத்து வலிக்கும் என்பதால் குழப்பம் அதிகம். குமட்டல், வெளிச்சக் கூச்சம், விண்விண்ணென்ற துடிப்பு எல்லாம் தூக்கலாக இருந்தால் அந்தப் பக்கமும் சந்தேகப்பட வேண்டும். இடி விழுந்ததுபோல் திடீரென வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுரை உதவாது. உடனே மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரை அன்றைய வேலையை ஓட்டித் தரும், அவ்வளவுதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைக் கிளப்பத் தொடங்கிவிடும். கழுத்துப்பட்டை (காலர்) போட்டால் இதமாக இருக்கும், உண்மை. ஆனால் நாள்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் ஏற்கெனவே சோர்ந்த தசைகள் இன்னும் சோர்ந்துவிடும். தலையணை மாற்றுவதில் தவறில்லை; அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புக்குள் ஏறிப்போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். அரிதுதான், ஆனாலும் ஒரு நிமிடச் சுகத்துக்கு அந்த ஆபத்து எதற்கு?

பயிற்சி பெற்ற பிசியோ தன் கையால் கழுத்து மூட்டுகளை மெதுவாக அசைத்துத் தரும் ‘கை சிகிச்சை’ வேறு ரகம். 2002இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஆய்வு ஒன்றில் 200 பேரைப் பிரித்து, சிலருக்குக் கை சிகிச்சை, சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு இரண்டும் என்று ஆறு வாரம் கொடுத்தார்கள். இரண்டுமே தலைவலியைக் குறைத்தன. ஓராண்டு கழித்தும் பலன் நின்றது. ஆக, பலனை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்தான்.

அப்புறம் ஏன் பயிற்சிப் பக்கம் சாய்கிறேன்? பராமரிப்புதான் காரணம். கழுத்து வலி என்பது போய்ப் போய் வருவது. வேலை கூடும் வாரத்தில் பிடரி இறுக ஆரம்பித்தால் கை சிகிச்சைக்கு மறுபடி அப்பாயின்ட்மென்ட், போகவர நேரம், ஒவ்வொரு தடவைக்கும் காசு. பயிற்சிக்குப் பாய் ஒன்று போதும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கழுத்துக்கு அடியில் மெல்லிய துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தலையைத் தூக்காமல், ‘ஆமாம்’ என்று லேசாகத் தலையாட்டுவதுபோல் முகவாயை உள்ளே இழுத்துப் பத்து வினாடி நிறுத்த வேண்டும். அப்போது விரலைத் தொண்டையின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். அங்குள்ள நீளத் தசை கயிறுபோல் புடைத்தால் பலத்தைத் தப்பான இடத்தில் போடுகிறீர்கள், இன்னும் லேசாகச் செய்ய வேண்டும். வேலை செய்ய வேண்டியது எலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் சின்னத் தசைகள். பார்ப்பவருக்கு நாம் சும்மா படுத்திருப்பதுபோலத்தான் தெரியும். வீட்டில் கேலி நிச்சயம். தோள்பட்டைக்கும் சில அசைவுகள் உண்டு, அவற்றை நேரில் கற்றுக்கொள்வதே நல்லது. முதல் சில வாரம் பெரிய மாற்றம் தெரியாது. பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மாத்திரையின் வேகத்தை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நரம்பருகே மரப்பு ஊசி போடுவதும், நரம்பைச் சூடுபடுத்தி மழுங்கச் செய்வதும் உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை, எனவே அனுபவமாக எதுவும் சொல்வதற்கில்லை. ஊசி போட்டதும் வலி அடங்கினால் மூலம் கழுத்துதான் என்பது ஓரளவு உறுதியாகும். அது ஒரு பயன். சூடுபடுத்திய நரம்பு மாதங்கள் போனால் மறுபடி வளரும், வலியும் திரும்பலாம். பயிற்சியைச் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையாத வலி என்றால், இதைப் பற்றி வலி சிகிச்சை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.