நான்கு மணி வரை அறை: எந்த ஹோட்டலின் வாக்கு நிற்கிறது?

மட்டக்களப்புக்கு வரும் இரவு ரயில் கொழும்புக் கோட்டையிலிருந்து மாலையில்தான் புறப்படும். நண்பகலில் அறையைக் காலி செய்துவிட்டால் பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் அதுவரை எங்கே இருப்பது? அதனால் எங்கள் ஊர்க்காரருக்கு ஹோட்டல் உறுப்பினர் அட்டைகளில் மிகப் பெரிய சலுகை, பிற்பகல் 4 மணி வரை அறையை வைத்திருக்கும் உரிமைதான். அந்த ஒரு வரியை முன்னிறுத்தியே மரியட், ஹயாத், ஹில்டன் ஆகிய மூன்று திட்டங்களையும் ஒப்பிடுகிறேன்.

மரியட்டில் ஆண்டுக்கு 50 இரவுகள் தங்கி பிளாட்டினம் தரம் பெற்றவருக்கு 4 மணி உறுதி. ஆனால் ரிசார்ட்டுகளிலும் மாநாட்டு ஹோட்டல்களிலும் அறை இருந்தால் மட்டுமே. சண்டை இந்த விலக்கில்தான் தொடங்குகிறது. தோஹாவில் வேலை செய்யும் அத்தான் பிளாட்டினம் உறுப்பினர். விடுமுறைக்கு வந்தவர் ஒரு நகர ஹோட்டலில் அக்காவோடும் பிள்ளைகளோடும் தங்கினார். அவர்களை ஊருக்கு அழைத்துவர நான் போயிருந்தேன். 12 மணிக்கு வரவேற்பு மேசையிலிருந்து அழைப்பு வந்தது. "எங்களுடையது மாநாட்டு ஹோட்டல் ஐயா, இன்று அறை இல்லை" என்றார்கள். பதிவு செய்த பக்கத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. இரண்டு பெரிய மண்டபங்கள் இருப்பதுதான் காரணமாம். "தம்பி, மண்டபம் இருந்தால் மாநாட்டு ஹோட்டலா? கலியாண மண்டபமில்லாத பெரிய ஹோட்டல் கொழும்பில் எது?" என்று அத்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. ஒரு விலக்கு யாருக்குப் பொருந்தும் என்று முன்பே எழுதிவைக்காமல், உறுப்பினர் வந்து நின்ற பிறகு மேசையில் தீர்மானிப்பது நியாயமே இல்லை.

ஹயாத்தில் 60 இரவுகளில் கிடைக்கும் குளோபலிஸ்ட் தரத்துக்கும் அதே 4 மணி உண்டு. ரிசார்ட், கேசினோ ஹோட்டல்கள் விலக்கு. மாநாடு என்ற சொல் அந்த விலக்கில் இல்லை. ஊர் ஊராகச் சுற்றுபவருக்கு அந்த ஒரு சொல் குறைந்திருப்பதே பெரிய நிம்மதி. காலையுணவையும் ஹயாத் தெளிவாகவே எழுதியிருக்கிறது: அறையில் பதிவான இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் முழுக் காலையுணவு, வரி உட்பட. தலை எண்ணிக்கை எழுத்தில் இருந்தால் மேசையில் பேரம் இல்லை.

ஹில்டனில் கோல்ட், டயமண்ட் தரங்களுக்குத் தாமத வெளியேற்றம் அறை இருந்தால் மட்டுமே. இந்த இரு தரங்களுக்கும் வாக்கே கொடுக்காததால் ஏமாற்றமும் குறைவு என்பேன். ஆனால் காலையுணவில் குழப்பம் உண்டு. அமெரிக்காவில் 2021 முதல் அதற்குப் பதிலாக உணவுக்கான பணவரவு தருகிறார்கள். மற்ற நாடுகள் பலவற்றில் எழுதியிருப்பது 'கான்டினென்டல்' காலையுணவு. அதன்படி ரொட்டியும் பழமும் மட்டுமா, பஃபே மேசையில் இருக்கும் இடியப்பமும் பாலப்பமும் அதில் சேருமா? நம் பக்கத்தில் பெரும்பாலும் முழு பஃபேயையே தந்துவிடுகிறார்கள். அது அவர்களின் நல்ல மனம். எழுத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

பதிவு செய்ததைவிட நல்ல அறை தரும் 'அறை உயர்வை'ப் பற்றி நீட்டிப் பேச மாட்டேன். மரியட்டில் எந்த அறை 'கிடைக்கிறது' என்பதை ஹோட்டலே முடிவு செய்யும். இணையத்தில் சூட் எனும் பெரிய அறை விற்பனையில் இருந்தாலும் மேசையில் இல்லை எனலாம்; விதி அதற்கு இடம் தருகிறது. ஹயாத் சாதாரண சூட் வரை என்று எல்லையைச் சொல்கிறது, அதனால் கேட்பது கொஞ்சம் எளிது.

ஒப்பந்தச் சொல் இரண்டு பொருள் தந்தால் எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் பழைய நெறி. ஆனால் பெட்டியோடு நிற்கும் குடும்பம் அதைச் சொல்லி அறையைப் பெற்றுவிட முடியாது. மரியட்டில் வரவேற்புப் பரிசு தரத் தவறினால் பணமாக ஈடு கேட்கலாம். அந்தத் துணிவை 4 மணி விஷயத்திலும் காட்டியிருக்க வேண்டும்.

ஆகவே வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மரியட், ஹயாத் இரண்டும் இருக்கும் நகரமென்றால் ஹயாத்துக்குத்தான் என் வாக்கு. கொழும்பில் மரியட் அட்டையோடு தங்குபவர், பதிவு செய்த அன்றே ஹோட்டலுக்கு ஒரு கேள்வி எழுதட்டும்: "உங்களுடையது மாநாட்டு ஹோட்டலா? 4 மணி உறுதியா?" அத்தான் அடுத்த விடுமுறைக்கு அப்படித்தான் எழுதிக் கேட்டார். இரண்டாம் நாள் 'உறுதி' என்று பதில் வந்தது. அதை அக்காவின் கைபேசியிலும் சேமித்துவைத்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட் எடுத்தோம்.