முக்கால் சைஸ் கிட்டார்: எட்டு மாதம் வாசித்த பிறகு எழுதுகிறேன்

போன ஏப்ரல் கடைசியில், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, என் மகளுக்கு ஒரு முக்கால் சைஸ் கிட்டார் வாங்கினேன். 36 அங்குலம், 5,200 ரூபாய், கூட ஒரு துணி உறையும், கம்பியை மீட்டுவதற்கு இரண்டு பிக்கும் கொடுத்தார்கள். வாங்கிய வாரமே எழுதியிருந்தால் "யாரும் வாங்காதீர்கள்" என்று எழுதியிருப்பேன். எட்டு மாதம் ஆன பிறகு சொல்கிறேன், வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் எடுத்துக் கொடுக்கிற நிலையிலேயே பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கடையில் நடந்தது. வேலூரில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம். சின்ன கிட்டார் கேட்டதும் கடைக்காரர், "அது விளையாட்டுச் சாமான் மேடம், பெரிசா வாங்கிடுங்க, வளர்ந்தப்புறம் மாத்த வேண்டியதில்ல" என்றார். ஸ்கூல் யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கிற மாதிரிதான் அவரும் நினைத்தார், தப்பு சொல்லவில்லை. ஆனால் கிட்டார் யூனிஃபார்ம் இல்லை. 11 வயதுக் குழந்தை பெரிய கிட்டாரை மடியில் வைத்தால் வலது கை உடம்பைச் சுற்றி வரவே முடியாது, தோள் தூக்கிக்கொண்டு நிற்கும், இடது கை முதல் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடுகளில் முதலாவதை, எட்டிப் பிடிப்பதற்குள் மணிக்கட்டு வளைந்துவிடும். அங்கேயே இரண்டையும் மகள் மடியில் வைத்துப் பார்த்தேன். பெரிதை வைத்தபோது அவள் முகமே கிட்டாருக்குப் பின்னால் போய்விட்டது.

அப்புறம் நான் சின்னதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதற்கு இன்னொரு காரணம் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன். இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்லியாக வேண்டும்.

என் மகளுக்குப் பேசும்போது திக்கும். சில எழுத்துகளில் மாட்டிக்கொண்டால் வார்த்தை வெளியே வராது, வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "பிரசென்ட் மிஸ்" சொல்வதற்குக்கூட அவளுக்குப் பயம். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறோம். அங்கே இருக்கிற மேடம்தான், பாடும்போது இவளுக்குத் திக்கவில்லை, திக்குகிற நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும், நன்றாகப் பாட விடுங்கள் என்றார். அந்தச் சமயத்தில்தான் 2025 பிப்ரவரி 5ஆம் தேதி எட் ஷீரன் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பாடினார். சித்தி பையன் போய்விட்டு வந்து வீடியோ அனுப்பினான். ஏ.ஆர். ரஹ்மான் மேடைக்கு வர, "ஊர்வசி ஊர்வசி"யும் எட் ஷீரனின் "ஷேப் ஆஃப் யூ"வும் ஒன்றோடு ஒன்று கலந்து போகிற அந்தத் துண்டை மகள் எத்தனை முறை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. நானும் அவர் யார், என்ன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் முதலில் கண்ணில் பட்டதே அவருக்கும் சின்ன வயதில் திக்குமாம் என்பதுதான். முகத்தில் சிவந்த பிறவித் தழும்பு இருந்ததால் லேசர் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள், ஒரு முறை மரத்துப்போகும் க்ரீம் தடவாமலேயே செய்துவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் திக்க ஆரம்பித்தது என்று 2015இல் நியூயார்க்கில், திக்குவாய் உள்ளவர்களுக்கான ஓர் அமைப்பின் விழாவில் அவரே சொல்லியிருக்கிறார். ஒன்பது வயதில் எமினெமின் ராப் ஆல்பம் ஒன்றை அப்பா வாங்கிக் கொடுக்க, பத்து வயதுக்குள் அதை முழுக்க மனப்பாடம் செய்து, அந்த வேகத்திலேயே சொல்லிச் சொல்லித் திக்குவது போனதாம். அந்த ஆல்பத்தில் இருக்கிற வார்த்தைகள் குழந்தைகள் கேட்கிற மாதிரியானவை இல்லை, நான் வீட்டில் போடவும் மாட்டேன். ஆனால் இந்தக் கதையை மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, "அவருக்கும் கிளாஸ்ல சிரிச்சாங்களாம்மா?"

அவர் கிட்டார் எடுத்ததும் 11 வயதில்தான். 2002இல் இங்கிலாந்து ராணியின் பொன்விழாக் கச்சேரியில் எரிக் கிளாப்டன் வாசித்ததை டிவியில் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் அடகுக் கடையில் 30 பவுண்டுக்கு ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கிறார். பிற்பாடு பெரிய மேடைகளில் வெகுகாலம் அவர் கையில் இருந்தது மார்ட்டின் கம்பெனியின் எல்.எக்ஸ்.1.இ. என்ற குட்டிக் கிட்டார். பெரிய கிட்டாரில் கம்பியின் நீளம் 25 அங்குலத்துக்கு மேல் இருக்கும், இதில் 23தான். பின்பக்கமும் பக்கப் பலகைகளும் மரம்கூட இல்லை, நம் வீட்டுக் கிச்சன் ஷெல்ஃபில் ஒட்டுகிற சன்மைக்கா மாதிரி அழுத்திச் செய்த தகடு. அப்படிப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு லண்டன் வெம்ப்லி ஸ்டேடியத்தில் தனி ஆளாக நின்று பாடியவர் அவர். சின்ன கிட்டார் விளையாட்டுச் சாமான் என்று இனி யார் சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை.

சரி, நாங்கள் வாங்கியதற்கு வருகிறேன். இது மார்ட்டின் இல்லை, அந்த விலை எங்களுக்குக் கட்டாது. சாதாரண பிளைவுட் உடம்பு, ஸ்டீல் கம்பி. வீட்டுக்கு வந்த முதல் நாள் மகள் பத்து நிமிஷம் வாசித்தாள், விரல் நுனி நான்கும் சிவந்து கோடு விழுந்துவிட்டது. பழகினால் சரியாகும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான்கு நாள் கழித்து அவள் கிட்டாரை உறைக்குள் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த வருத்தம் 5,200 ரூபாய்க்காக இல்லை.

சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில், காந்தி நகரிலேயே இருக்கிறார். அவரிடம் எடுத்துப் போனேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையிலிருந்து இரண்டு ஒரு ரூபாய் காசுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 12ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் நுழைத்துக் காட்டினார். இரண்டும் தாராளமாகப் போயின, இன்னொன்றுக்கும் இடம் இருந்தது. "இத அமுக்கணும்னா எனக்கே வலிக்கும், குழந்தை என்னா பண்ணும்?" என்றார். கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். குறைந்த விலைக் கிட்டார்கள் பல இப்படி உயரமாகவே வரும், விற்பவர் யாரும் சரி செய்து கொடுப்பதில்லை.

அவர் செய்த வேலை அரை மணி நேரம்தான். கம்பிகளைக் கழற்றி, கம்பிகள் உடம்பில் முடிகிற பிரிட்ஜ் கட்டையில் சொருகியிருக்கிற வெள்ளைத் துண்டை, சேடில் என்பார்கள், அதை வெளியே எடுத்து அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். மேல்பக்கத்தைத் தொடவே கூடாதாம். சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் 12ஆவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்து என்று மூன்று தடவை செய்தார். பழைய கம்பிகளைப் போட்டுவிட்டு 10 சைஸ் மெல்லிய கம்பி மாட்டினார். அவ்வளவுதான், அதே கிட்டார் வேறு கிட்டாராகிவிட்டது. மகள் அன்று சாயங்காலம் உறையைத் திரும்பப் போடவே விடவில்லை.

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். கிட்டார் வாங்கி இரண்டே வாரத்தில் விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்கு எத்தனையோ பேரைத் தெரியும், ஆர்வம் இல்லை, பொறுமை இல்லை என்று அவர்களைத் திட்டினோம். கம்பி உயரத்தை யாராவது பார்த்தோமா?

மற்ற குறைகளும் இருக்கின்றன. ட்யூனிங் கீ ஆறில் ஒன்று லூஸ், இரண்டு நாளைக்கு ஒரு முறை சுருதி இறங்கிவிடும், அதனால் சுருதி பார்க்க, கிட்டாரின் தலையில் மாட்டுகிற கிளிப் ட்யூனர் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருந்தது. உறை மழைக்கும் தாங்காது, எங்கேயாவது இடித்துக்கொண்டாலும் தாங்காது. அப்புறம் நம் ஊர் வெயில். எங்கள் மாடி அறையில் மே மாதம் மத்தியானம் நிற்க முடியாது, அங்கேதான் முதலில் வைத்திருந்தோம். பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு தாள் நுழைகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டது. சூட்டில் பசை இளகுகிறது, கம்பியின் இழுப்பு அதைத் தூக்குகிறது. அண்ணன் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் வைத்துக் கொடுத்தார். இப்போது கீழ் அறையில், ஜன்னலுக்குத் தூரமாக, சுவரில் மாட்டியிருக்கிறது. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று எங்கே இருந்தாலும் வெயிலில் நிற்கிற காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சத்தம் பெரிய கிட்டார் அளவுக்கு வராது, அடித்தந்தியின் கனம் குறைவுதான். அதை எதிர்பார்த்துத்தான் வாங்கினேன்.

எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், சின்னக் கைக்கு எட்டுகிற கழுத்து. எட் ஷீரனின் "திங்கிங் அவுட் லவுட்" பாட்டில் நான்கு கார்டுதான், அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க விடுகிற பிடிகள்தான், சுற்றிச் சுற்றி வரும்: டி, எஃப் ஷார்ப்பை அடியில் வைத்த டி, ஜி, ஏ. அந்த இரண்டாவதுதான் கஷ்டம், பெரிய கிட்டாரில் என் கையே எட்டவில்லை, இதில் மகள் பிடிக்கிறாள். இதே நான்கு கார்டுக்காகத்தான் அவர் மேல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். மார்வின் கே பாடிய "லெட்ஸ் கெட் இட் ஆன்" பாட்டை மார்வினோடு சேர்ந்து எழுதிய எட் டவுன்சென்டின் வாரிசுகள் போட்ட வழக்கு. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டிலேயே அவர் கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டினார், இவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாத எழுத்துகள் மாதிரி என்று அவர் தரப்பில் வாதாடினார்கள், ஜூரியும் அவர் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. மகளிடம் இதைச் சொன்னேன். அந்த நான்கு கார்டை இப்போது அவள் தன்னுடையது மாதிரியே வாசிக்கிறாள், சொந்தமாக நான்கு வரி எழுதியும் பாடுகிறாள், தமிழில், எங்கள் மாடியில் வந்து உட்காருகிற மைனாக்களைப் பற்றி.

எட் ஷீரன் புகழை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "ஷேப் ஆஃப் யூ" 2017இல் பிரிட்டனில் 14 வாரம் முதலிடம், அந்தப் பாட்டு இருக்கிற ஆல்பத்தின் 16 பாட்டுகளும் ஒரே வாரத்தில் முதல் 20க்குள். என்னைப் பிடித்து நிறுத்தியது அதெல்லாம் இல்லை. 2014இல் ஒரு டிவி நிகழ்ச்சியில், சிறுவனாக இருந்தபோது தான் பாடிப் பதிவு செய்த ஒரு துண்டை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினார், சுருதியே சேராமல் இருக்கும், கேட்டுப் பாருங்கள். பிறவித் திறமை என்றெல்லாம் இல்லை, பாடிப் பாடித்தான் வந்தது என்பதற்காகப் போட்டாராம். பாட்டு எழுதுவதைப் பற்றி அவர் பல பேட்டிகளில் சொல்வதும் இதேதான்: பழைய குழாயைத் திறந்தால் முதலில் அழுக்குத் தண்ணீர்தான் வரும், ஓட விட்டுக்கொண்டே இருந்தால் தெளியும். மகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பல நாள் கழித்துத் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றுகிற வேலை வீட்டில் அவளுடையதுதான்.

லூப் பெடல் வேண்டும் என்று இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறாள். எட் ஷீரன் காலால் மிதித்துக்கொண்டே பாடுவாரே, அதுதான். கிட்டார் பலகையில் தட்டுகிற தாளத்தைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்க விடும், அதன் மேல் கார்டு, அதன் மேல் குரல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இந்தக் கிட்டாரில் ஒலியை வயர் வழியாக வெளியே அனுப்புகிற பிக்கப் இல்லாததால் நேராக இணைக்க முடியாது, அது அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றுகிற கேபோ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆக, வாங்கப் போகிறவர்கள் கிட்டார் விலைக்கு மேல் கம்பி, ட்யூனர், ஆக்‌ஷன் இறக்குவது என்று இன்னொரு 1,200 ரூபாய் எடுத்து வையுங்கள். கடையிலேயே இரண்டு ஒரு ரூபாய் காசை வைத்துப் பாருங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பெரியவர்களுக்கு இது வேண்டாம். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

போன வாரம் மூன்றாவது செட் கம்பி மாட்டினோம். மகள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நான் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்கு அவளே போய்த் தன் பெயர், வகுப்பு, பாட்டு எல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்சம் நேரம் பிடித்ததாம், மிஸ் பேனாவைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாராம்.