நூலகச் செஸ் புத்தகங்களோடு மூன்று வருடம்: அந்தப் பென்சில் அம்புக்குறி

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். அவர் பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான், செஸ் கற்றுக்கொள்ளத் துடிக்கிறான். ஆன்லைன் வகுப்பில் சேர்த்தால் மாதா மாதம் ஒரு தொகை போகும். "நீங்க லைப்ரரி புத்தகத்தை வச்சுத்தானே கத்துக்கிட்டீங்க? அது போதுமா, இல்ல கிளாஸ்ல சேர்த்துடவா?" பஸ் வந்துவிட்டதால் நாளைக்குச் சொல்கிறேன் என்று ஏறிவிட்டேன். நாள் முழுக்க யோசித்தும் ஒரு வரியில் பதில் வரவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

கிளை நூலகத்தில் எப்படிச் சேர்வது, எத்தனை நாள் புத்தகம் தருவார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டு நடையாக நடந்த அனுபவமும் எல்லோருக்கும் இருக்கும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

2022 ஜூலை கடைசியில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்தார்கள். பேருந்து நிலையத்தில் எல்லாம் வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' நின்றது. என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. "அப்பா, குதிரை எப்படிப் போகும்?" என்று கேட்டாள். காட்டிக்கொடுத்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதில் திண்ணையில் ஆடிய ஆட்டம், காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனோம்.

விளையாட்டு அலமாரியின் கீழ்த்தட்டில், முதுகில் 794.1 என்று செஸ்ஸுக்கான வகை எண் ஒட்டிய பதினோரு புத்தகங்கள் இருந்தன. தமிழில் நான்கு, ஆங்கிலத்தில் ஏழு. தமிழ்ப் புத்தகங்கள் நான்கும் தொடக்கப் பாடம். காய்களின் பெயர், நகர்வு, கோட்டை கட்டுவது வரைக்கும் வந்து நின்றுவிடும். இரண்டு மாதத்தில் அவற்றை முடித்துவிட்டோம். அதற்கப்புறம் ஆங்கிலப் புத்தகங்கள்தான்.

அவற்றில் மூன்று, நகர்வுகளை எழுதும் பழைய குறியீட்டில் அச்சானவை. இப்போது நாம் நெடுவரிசைக்கு ஓர் எழுத்து, குறுக்கு வரிசைக்கு ஓர் எண் என்று சேர்த்து, இ4, டி5 என்று கட்டத்துக்கு ஒரே பெயர் வைத்து எழுதுகிறோம். பழைய முறையில் 'பி-கே4' என்று இருக்கும். ராஜாவின் வரிசையில் நான்காவது கட்டத்துக்குச் சிப்பாய் போகிறது என்று பொருள். வெள்ளைக் காய் ஆடுபவர் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார், கறுப்புக் காய் ஆடுபவர் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர். வெள்ளைக்கு கே5 என்பது கறுப்புக்கு கே4. குதிரைக்குச் சில புத்தகத்தில் 'கேடி' என்று போட்டிருப்பார்கள், சிலவற்றில் 'என்'. உலக செஸ் கூட்டமைப்பு 1981லேயே இந்த முறையை ஏற்பதை நிறுத்திவிட்டது. எங்கள் நூலக அலமாரியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இது ஒரு குறையே இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். ஒவ்வொரு நகர்வையும் நோட்டில் புதுக் குறியீட்டுக்கு மாற்றி எழுதினோம். ஒரு ஆட்டத்தைப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கைப்பேசியில் அதே ஆட்டத்தை விரலால் தட்டித் தட்டி இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்காது. எழுதிப் பார்த்த ஆட்டங்களில் சிலவற்றை என் மகள் இன்றைக்கும் புத்தகம் இல்லாமல் அடுக்கிக் காட்டுவாள்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று புதிர்ப் புத்தகம். 120 புதிர்கள், பக்கத்துக்கு இரண்டு கட்டப்படம். ஆட்டத்தின் கடைசிக் கட்டம், அதாவது பலகையில் நாலைந்து காய் மட்டும் மிஞ்சி நிற்கும் நிலைகள், அதில் நிறைய. எங்களிடம் இருந்த பதினொன்றில் அதுதான் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் இல்லை. விடைப் பக்கங்கள். அடிமுதுகில் நூல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

விடை இல்லாவிட்டால் என்ன, நாமே கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், பாதிப் படங்களில் யாரோ பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்று. பக்கத்தைத் திருப்பிய மறு நொடியே கண்ணில் விழுந்துவிடும். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? புதிரின் பயனே போய்விட்டது. என் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் முதலில் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு பக்கமாக அழி ரப்பரால் தேய்த்து, ரப்பர் தூளை ஊதிவிட்டு, பிறகு என்னிடம் கொடுப்பாள். அழுத்தி எழுதிய இடங்களில் பென்சில் போனாலும் பள்ளம் போகாது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் அம்பு தெரியும்.

47ஆம் புதிரில் அந்த அம்பு தெரிந்தது. செஸ் ஆடுபவர்கள் பலகை எடுத்து அடுக்கிப் பாருங்கள். வெள்ளை ராஜா டி5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. பலகையில் வேறு ஒன்றும் இல்லை. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். பென்சில் அம்பு சிப்பாயிலிருந்து இ5க்குப் போயிருந்தது. சிப்பாயை முன்னே தள்ளு, அது கடைசி வரிசையை எட்டி ராணியாகிவிடும். பார்ப்பதற்கு அதுதானே சரி? நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் அது விடை என்றே நினைத்திருந்தேன்.

நூலகத்துக்குத் தினமும் செய்தித்தாள் படிக்க வரும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். சாயங்காலம் நூலகம் பூட்டிய பிறகு வெளியே வேப்பமரத்து மேடையில் அவரும் நானும் ஒரு ஆட்டம் போடுவோம். ஒரு நாள் அப்படியே இந்த நிலை வந்தது. எனக்குள் ஒரு குதூகலம். சிப்பாயை இ5க்குத் தள்ளினேன். அவர் ராஜாவை டி7க்கு, என் ராஜாவுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். நான் இ6, செக். அவர் இ7. நான் ராஜாவை இ5க்கு. அவர் அவசரமே படாமல் நேராகப் பின்வாங்கி இ8. நான் டி6, அவர் டி8. நான் இ7, செக். அவர் இ8. சிப்பாயைக் காப்பாற்ற என் ராஜா இ6க்கு வந்தாக வேண்டும். வந்தது. அவர் ராஜாவுக்கு நகர ஒரு கட்டம் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா.

"ராஜா முன்னாடி போகணும் தம்பி, சிப்பாய் பின்னாடி வரணும்" என்றார் சார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, காய்களைப் பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட உட்காராமல் பலகையை அடுக்கினேன். சிப்பாயைத் தொடாமல் ராஜாவை இ5க்கு நகர்த்திப் பார்த்தேன். அவ்வளவுதான் விஷயம். கறுப்பு ராஜா டி7 போனால் நான் எஃப்6. அவர் இ8, நான் இ6. அவர் டி8, நான் எஃப்7. இனிமேல் சிப்பாயை யாரும் தடுக்க முடியாது. போக வேண்டிய கட்டம் அதே இ5தான். போக வேண்டிய காய்தான் வேறு. பழைய குறியீட்டில் எழுதினால் தப்பான விடை 'பி-கே5', சரியான விடை 'கே-கே5'. ஒரே ஒரு எழுத்து.

பென்சில் பிடித்தவர் மீது அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவரும் பாவம். அவர் படித்த காலத்திலேயே விடைப் பக்கங்கள் போயிருக்கலாம். எனக்கு வேப்பமரத்தடியில் ஒரு சார் கிடைத்தார், அவருக்கு யாரும் கிடைக்கவில்லை. பக்கங்களைக் கிழித்தவரைத்தான் என்னால் எந்தக் கணக்கிலும் மன்னிக்க முடியவில்லை.

கிழித்தது யார் வீட்டுச் சொத்து? சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி தனியாக இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று போகும். பன்னிரண்டு பக்கம் கிழிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு முதல் விதியை எப்படிக் காப்பாற்றுவது? ஒரு தெருவில் இருக்கிற அத்தனை வீடும் சேர்ந்து வாங்கிய புத்தகத்தை ஒருவர் தன் வசதிக்குக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்.

நூலகர் மேடத்திடம் போய்க் கத்தினேன் என்றே சொல்லலாம். பிறகு வருத்தப்பட்டேன். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, செய்தித்தாள் அடுக்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர் ஒருவர்தான். திரும்பி வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க அவருக்கு எத்தனை கை வேண்டும்? அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விடை உங்களுக்குத் தெரிஞ்சா எழுதிக் குடுங்க சார், பின்னாடி ஒட்டிடலாம்" என்றார்.

நானும் மகளும் அதைச் செய்தோம். ஐந்து மாதம் ஆனது. 120 புதிர்களையும் பலகையில் அடுக்கி, அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் உட்கார்ந்து, எந்தத் தடுப்பும் நிற்காது என்று தெரிந்த பிறகுதான் எழுதினோம். தவணை முடியும்போதெல்லாம் கொண்டுபோய்ப் புதுப்பித்தோம். முடியாத நான்கை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். நான்கு தாள், இரண்டு பக்கமும் அவள் கையெழுத்து. மேடம் அதில் நூலக முத்திரை குத்தி, பசை தடவி, நூல் துருத்திய இடத்தில் ஒட்டினார். என் செஸ் வாழ்க்கையில் உருப்படியாக எதையாவது கற்றேன் என்றால் அந்த ஐந்து மாதத்தில்தான். எந்த வகுப்பிலும் அது கிடைத்திருக்காது. இதை நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன்.

2024 டிசம்பர் 12ஆம் தேதி குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த வாரம் போனபோது அந்தக் கீழ்த்தட்டில் ஒரு புத்தகம்கூட இல்லை. பதினொன்றும் வெளியே போயிருந்தன. வெறும் தட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பிறகு அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. போன மாதம் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். நடுவில் எட்டுப் படங்கள் பிளேடால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. சுத்தமான சதுரச் சதுரமான ஓட்டைகள். பள்ளி நோட்டில் ஒட்டுவதற்காக இருக்கும். படத்துக்குப் பின்பக்கம் இருந்த பாடமும் சேர்ந்து போய்விட்டது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பையனை வகுப்பில் சேர்த்துவிடுங்கள். நான் இவ்வளவு கற்றதும் அந்த அலமாரியில்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் பதினொரு வயதுப் பையன் ஆசையாகப் பக்கத்தைத் திருப்பும்போது ஓட்டை வழியாக அடுத்த பக்கம் தெரியக் கூடாது. அந்தத் தட்டை நம்பி அவனை அனுப்ப எனக்கு இப்போது மனசு வரவில்லை. எங்கள் இரண்டு பேர் அட்டையையும் இந்த வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், அது வேறு விஷயம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் அந்தப் புதிர்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னட்டைத் தேதிச் சீட்டில் நாங்கள் திருப்பிக் கொடுத்த பிறகு ஆறு முத்திரைகள். புதிர்ப் பக்கங்களில் புதிதாக ஒரு கோடுகூட இல்லை. எங்கள் விடைத்தாளில் மட்டும், 83ஆம் விடைக்கு எதிரே, ஓரமாகச் சின்னதாகப் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. அதன் கீழே 'கறுப்பு யானை ஏ2 வந்தால்?' என்று இருந்தது.

இரவு ஒன்பது மணியிலிருந்து பார்க்கிறோம். யானை ஏ2 வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் இன்னும் தெரியவில்லை. பலகையைக் கலைக்க வேண்டாம் என்று சாப்பாட்டைத் தரையில் வைத்துக்கொண்டோம். நாளை வெள்ளிக்கிழமை, நூலகம் கிடையாது. சாரைப் பார்க்கச் சனிக்கிழமை சாயங்காலம் ஆகும்.