மறதிக்கார ரேடியோவும் நாலாவது கீர்த்தனையும்

மாங்குளத்து மச்சான் கேட்டதற்காக எழுதுகிறேன். பென்டிரைவ் போட்டுக் கேட்கிற இந்தச் சின்ன ரேடியோப் பெட்டி விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்கிறார். எஃப்எம், புளூடூத், டோர்ச் எல்லாம் கடையிலேயே காட்டுவார்கள், அதை விடுவம். என்னுடையதற்கு இப்பதான் புது பற்றரி போட்டேன், காசு போன சூடு இன்னும் ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் நிறுத்தினாலும் சரி, பற்றரி இறங்கினாலும் சரி, திரும்பப் போட்டால் பென்டிரைவின் முதல் பாட்டிலிருந்துதான் தொடங்கும். சினிமாப் பாட்டுக் கேட்கிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. நான் போட்டு வைத்திருந்ததோ கர்நாடக சங்கீத மேதை தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகத்துக்கு ஒன்றாக அஞ்சும் நீளமான உருப்படிகள். ஆரபி முடிவதற்குள் தோட்டத்துக்குத் தண்ணீர் மாற, கோழிக்குத் தீன் போட என்று ஏதாவது வந்து நிறுத்த வேண்டியிருக்கும், வந்து போட்டால் மறுபடி முதலாவதான நாட்டை ராகத்து ‘ஜகதாநந்தகாரக’. எங்கள் கோழிகளுக்கே நாட்டை பாடமாகியிருக்கும். நாலாவதான, வராளி ராகத்துக் ‘கனகனருசிரா’வரை போய்ச் சேர்ந்த நாட்கள் மிகக் குறைவு.

அது ஏற்கெனவே பாவப்பட்ட கீர்த்தனை. வராளியைக் குரு நேரே உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடருக்கும் பிரிவு வரும் என்று ஒரு பழைய நம்பிக்கை, கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள் என்று விட்டுவிடுவார்களாம். காவிரிக்கரைத் திருவையாற்றில் தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனையில் எல்லாரும் கூடி அஞ்சையும் பாடும்போது இதுவும் வரும் (நான் இருப்பது கிளிநொச்சித் திருவையாறு, எங்களுக்குக் காவிரி இல்லை, இரணைமடுதான்). ஆனால் அஞ்சாவதான ‘எந்தரோ மகாநுபாவுலு’வுக்கு இருக்கிற செல்லத்தில் கால்வாசி இதற்கு இல்லை. அடுத்த ஸ்வரமான பஞ்சமத்தை உரசுகிற மாதிரி ஏறி நிற்கும் அந்த வராளி மத்திம ஸ்வரத்தைக் கேட்டால் தெரியும், எவ்வளவு பெரிய அநியாயம் என்று.

பாட்டுகளுக்கு 01, 02 என்று நம்பர் போட்டால் வரிசை மாறும் என்றார்கள். மாறவில்லை. இந்த மலிவுப் பெட்டிகளில் பல பெயரைப் பார்ப்பதில்லை, எதை முதலில் கொப்பி பண்ணினோமோ அதைத்தான் முதலில் பாடும். ஆகவே பென்டிரைவை முழுக்க அழித்து, வராளியை முதலில் வைத்து, ஒவ்வொன்றாகக் கொப்பி பண்ணினேன். இப்போது விடிய விடிய வராளி. பக்கத்து வீட்டு ரீச்சர், வட இலங்கைச் சங்கீத சபையில் கலாவித்தகர் பட்டம் எடுத்தவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “காலங்காத்தால வராளியோ? நாட்டையை முதல் வையும் தம்பி” என்றார். வைத்தால் பழைய கதைதான் ரீச்சர்.

நியாயமாகச் சொன்னால் சத்தம் நல்லம், அதுவும் பழைய ஒலிப்பதிவுகளுக்கு. சின்ன ஸ்பீக்கர் என்பதால் மிருதங்கத்தின் தொப்பி என்கிற அடிச்சத்தப் பக்கம் சுத்தமாகக் கேட்காது, வலந்தலை என்கிற மற்றப் பக்கம் மட்டும் டக் டக் என்று வரும். புதுக் கச்சேரிப் பதிவுகளில் இது எரிச்சல். ஆனால் 1933இல் இறந்துபோன நாடக நடிகர், பாடகர் கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைப் போட்டுப் பாருங்கள். அவற்றில் அடிச்சத்தம் முதலே குறைவு, ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம்தான், நிறுத்தினாலும் நட்டமில்லை, குரல் அப்படியே முற்றத்தில் வந்து நிற்கும். என்னுடைய போனில் இந்தச் சுகம் வராது.

தியாகராஜரின் ‘நௌகா சரித்திரம்’ என்ற இசை நாடகம் முழுவதையும் இதில்தான் கேட்டேன், பல தவணையில். கிருஷ்ணனும் கோபியரும் யமுனையில் ஓடத்தில் போகிற கதை. பாகவதத்தில் இந்தக் கதை கிடையாது. அதிலிருந்து ‘ஓடனு ஜரிபே’ என்ற பாட்டு மட்டும் கச்சேரிகளில் அங்கங்கே தலைகாட்டும், மற்றவற்றைத் தேடித்தான் கேட்கவேண்டும். கதையாகக் கேட்கவேண்டிய ஒன்றை ஒவ்வொரு தடவையும் கரையிலிருந்தே ஓடம் தள்ளவைக்கிற பெட்டியை என்ன செய்வது?

ஆகவே மச்சான், வாங்காதையும். விலை இன்னும் இறங்கினாலும் வாங்காதையும். நான் என்னுடையதை விற்கப்போவதில்லை, அது வேறு கதை. இல்லை, வாங்கத்தான் போகிறேன் என்றால் பென்டிரைவை வெறுமையாகக் கொண்டுவாரும், வராளியை முதல் வைத்துக் கொப்பி பண்ணித் தாறன்.