உவர்மலை வீடா, அலஸ்தோட்டத்து அறைகளா?

2018இல் அப்பாவின் வளவை விற்ற காசைப் பங்கிட்டபோது நான் திருகோணமலை நகரில், உவர்மலையில் ஒரு பழைய வீட்டை வாங்கினேன். அக்காவும் அத்தானும் அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் நாலு அறை கட்டினார்கள். இரண்டும் வாடகைக்குத்தான்: என்னுடையது மாத வாடகைக்கு, அவர்களுடையது சுற்றுலா வருகிறவர்களுக்கு. அடி விழுந்த இடம்தான் வேறு.

முதலில் என் வீடு. கிழக்கு மாகாணசபையின் அலுவலகங்கள் திருகோணமலையில் இருப்பதால் இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தருக்குப் பஞ்சமில்லை. மாதம் பிறந்தால் வாடகை. ஆனால் எல்லாம் உள்ளே இருக்கிற ஆளைப் பொறுத்தது. 2021 கடைசியில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரே வாடகை என்று முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சியும் வைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. என் வாடகை அசையவில்லை. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் கூடியது. அவர் போன பிறகு, கேற்றில் செருகியிருந்த பில்களை விரித்தால் நாலு மாத நிலுவை. மீற்றர் என் பெயரில். குசினிச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குத் தாளிச்ச எண்ணெய்ப் பிசுக்கு. வாங்கிய அட்வான்ஸ் பெயின்ற் வாளிகளுக்கே சரியாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முத்திரைத்தாளுக்கு நான் நினைத்த பலமே கிடையாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால்தான் எழுதவேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. யாரையும் கட்டாத ஒரு தாளுக்குப் பயந்து இரண்டு வருடம் வாடகையைக் கூட்டாமல் இருந்திருக்கிறேன்! ஆள் எழும்ப மறுத்திருந்தாலும் அந்தத் தாள் கைகொடுத்திராது. குத்தகைக்கு விட்ட இடத்தைச் சீக்கிரமாக மீட்க 2023இல் ஒரு தனிச்சட்டம் வந்திருக்கிறது. அதை நம்புகிறவரும் முதலில் நொத்தாரிசிடம்தான் போகவேண்டும்.

அக்காவின் அறைகளில் இந்தத் தலையிடி இல்லை. வருகிறவர் மூன்று நாளில் போய்விடுவார். அங்கே சிக்கல் நாட்காட்டியில். மே தொடங்கி செப்டெம்பர் வரைதான் ஓட்டம். சுற்றுலாப் பயணிகள் போகும் புறாத்தீவுக்குப் படகு ஓடுகிற, கடல் தட்டையாய்க் கிடக்கிற மாதங்கள் அவை. நவம்பரில் வாடைக் காற்றும் மழையும் வந்தால் பூட்டுத்தான். அந்த ஐந்து மாதத்தில் உழைத்ததை வைத்துத்தான் மற்ற மாதங்களையும் ஓட்டவேண்டும்.

2019 ஏப்ரல் 21இல் ஈஸ்டர் குண்டுகள் வெடித்தன, சீசன் தொடங்கச் சில நாள் இருக்கும்போது. அடுத்த வருடம் கொரோனா. அந்த டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2022இல் பெற்றோல் வரிசை. நாலு வருடத்தில் மூன்று சீசன் போனது. “சீசன் பிழைச்சா வருசமே பிழைச்சுப் போயிடும்” என்பார் அத்தான்.

அப்புறம் உப்புக்காற்று. போன மாதம் ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றப் போனோம். ஆணித் தலைகள் ஸ்க்ரூ டிரைவர் பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. ஜன்னல் கிறில்லுக்கும் அதே கதி. இணையத்தில் அறை பதியும் தளங்களின் கொமிஷன், ஆளில்லாத மாதத்திலும் காவல்காரருக்குச் சம்பளம், இதற்கிடையில் பக்கத்து வளவில் புதிதாக ஆறு அறை எழும்புகிறது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்துப் பிள்ளைகளுக்கு அறை கொடுப்பது மூன்றாவது வழி. ஆள் கிடைக்கும், லீவு மாதத்தில் வாடகை கேட்பதுதான் சங்கடம்.

என்னைக் கேட்டால், வங்கிக் கடனில் வாங்குகிறவர் கடற்கரைப் பக்கம் போகக்கூடாது. தவணை பன்னிரண்டு மாதமும் வரும், வெள்ளைக்காரர் வரமாட்டார்கள். கடனில்லை, கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறோம் என்றால் சரி. அக்காவின் வீடு அறைகளுக்குப் பின்னாலேயே இருப்பதால்தான் தாக்குப்பிடித்தார்கள். கொழும்பிலோ கனடாவிலோ இருந்துகொண்டு அலஸ்தோட்டத்தில் அறை நடத்துவது காசைக் கடலில் போடுகிற வேலை. தூரத்தில் இருப்பவருக்கு நகர வீடுதான் தோது. வாடகை வருடாவருடம் கூடும் என்ற வரியோடு நொத்தாரிசு எழுதவேண்டும், சாவி கைமாறும் அன்றே மீற்றரைப் படம் எடுக்கவேண்டும்.

நான் அந்தப் படத்தை எடுக்கத் தொடங்கியது இப்போது குடியிருக்கிற ஆளிடமிருந்துதான்.