சென்சார் புதிது, எரிவது அதே விளக்கு

காரின் புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் செக் இன்ஜின் விளக்கு அணைய மறுக்கிறது. உடனே ஆளுக்கொரு யோசனை வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டு என்பார் ஒருவர், ஸ்கேனர் வாங்கு என்பார் இன்னொருவர். எலக்ட்ரீஷியனிடம் காட்டு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடு, பின்னால் இருக்கும் சென்சாரையும் மாற்றிவிடு என்று பட்டியல் நீளும். விளக்கு விட்டு விட்டு மின்னினால் இந்த ஆராய்ச்சிக்கே இடமில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிக்கொண்டிருக்கக்கூடும். வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். நிலையாக எரியும் விளக்குக்கே இந்த ஒப்பீடு.

பேட்டரி வைத்தியத்துக்குச் செலவில்லை. அதன் ஒரே சிறப்பு அதுதான். டெர்மினலைக் கழற்றினால் பல கார்களில் பழுதுக் குறியீடு அழிந்து விளக்கு அணையும். ஆனால் பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பிறகே இன்ஜினின் கணினி விளக்கை எரியவிடும். எனவே இரண்டொரு நாள் கிடைக்கும் நிம்மதியை நம்ப முடியாது. பழுது தோன்றிய நேரத்தில் இன்ஜின் எந்த வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூட்டில் இருந்தது என்று கணினி எழுதிவைத்த பதிவும் சேர்ந்து போய்விடும். துப்புத் துலக்க வந்தவர் தடயத்தைத் துடைப்பது போன்ற வேலை இது. பழுது உண்மையிலேயே நீங்கியிருந்தால், குறையில்லாத மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானாகவே அணையும். சென்சாரை மாற்றியவர் குறியீட்டை அழிக்காமல் அனுப்பியிருந்தால், அதுவரை பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

புளூடூத் ஸ்கேனர் அந்தத் தடயத்தைப் படித்துக் காட்டும். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 என்னும் பழுதறியும் முறை கட்டாயம் என்பதால், அதன் பின் வந்த கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே 16 முனைச் சாக்கெட் இருக்கும். பலரும் ஸ்கேனர் வாங்குவது குறியீட்டை அழிக்கத்தான். என்னைக் கேட்டால் அந்தப் பொத்தானைத் தொடாமலிருப்பதே நல்லது. முதலில் பார்க்க வேண்டியது, வந்திருப்பது பழைய குறியீட்டு எண்ணா புதிய எண்ணா என்பதை. பி0135 என்பது முன் சென்சாரின், அதாவது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதன், ஹீட்டர் சர்க்யூட்டைக் குறிக்கும். சென்சாரை மாற்றிய பிறகும் அதே எண் வந்தால் சந்தேகம் ஃபியூஸ் மீதும் ஒயரிங் மீதும் திரும்ப வேண்டும். பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். நீண்டகால எரிபொருள் திருத்தம் (கணினி கூட்டியோ குறைத்தோ விடும் பெட்ரோலின் அளவு) கூட்டல் 20 சதவீதத்தைத் தொட்டிருந்தால், புதிய சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் எங்கோ வெளிக்காற்று புகுகிறது, அல்லது பெட்ரோலை அனுப்பும் பம்ப் சோர்ந்திருக்கிறது.

கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று சொல்லும் பி0420 வந்தால் போன் திரையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய வகை சென்சார்களில், சூடேறிய இன்ஜினில், முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். பின் சென்சார் 0.6, 0.7 என்று அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். முன்பக்கம், கலவையின் விகிதத்தையே அளக்கும் அகலவீச்சு சென்சார் உள்ள புதிய கார்களில் முன் சென்சாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஸ்கேனரால் ஒயரைத் தொட்டுப் பார்க்க முடியாது. அங்கேதான் எலக்ட்ரீஷியன் எல்லாரையும் முந்துகிறார். நல்லவர் கனெக்டரைக் கழற்றியதும் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, பின் உள்வாங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். ஹீட்டர் ஒயரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டினாலும் அதோடு விடமாட்டார். டெஸ்ட் லேம்பைப் போட்டுப் பார்ப்பார். பாதி அரித்த ஒயர் மீட்டரில் 12 வோல்ட் காட்டும், பல்பை மங்கலாகத்தான் எரியவிடும். அவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் ஹீட்டர் சூடாகாது. சைலன்சர் குழாயிலும் அவர் கண் போகும். சென்சாருக்கு முன்னே உள்ள கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு உண்டு. அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும்; நல்ல சென்சார்கூட ஆக்சிஜன் அதிகம் என்று பொய் சொல்லும்.

சர்வீஸ் சென்டரின் பலம் வேறு. கணினி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமானாலோ வாரண்டி மிச்சமிருந்தாலோ அங்கேதான் போக வேண்டும். மற்றபடி ஒரு முனை அரித்ததற்கு முழு ஒயரிங் செட்டையே மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு.

அடுத்த பாகத்தையும் மாற்றிப் பார்ப்போம் என்பதை நான் கடைசியிலும் கடைசியாக வைப்பேன். அதற்கு முன், ஏற்கெனவே மாட்டியதைச் சரிபார்க்க வேண்டும். பேங்க் (சிலிண்டர் வரிசை) 1 சென்சார் 2 என்பது கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது; குறியீடு ஒன்றைச் சொல்ல, கழற்றி மாட்டியது மற்றதாக இருக்கலாம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் சென்சாரை ஒயர் வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால், அந்த ஒட்டைப் பிரித்துப் பார்க்காமல் வேறு எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி, அதன் பாக எண்ணைப் புதிய பெட்டியில் உள்ள எண்ணோடு வைத்துப் பாருங்கள்.