மாடி வகுப்பா, மேடையுள்ள மையமா?

ஈரோட்டில் பாப்பாவைப் பரதத்துக்குச் சேர்க்க இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று, தெருக்கோடியில் டீச்சர் வீட்டு மாடி வகுப்பு. இன்னொன்று, பெருந்துறை ரோட்டில் நடனமும் நாடகமும் சொல்லித்தரும், சொந்த மேடையுள்ள மையம். சேர்த்தது மையத்தில்தான், அதனால் பேச்சு அந்தப் பக்கம் சாயும். அரசு இசைப்பள்ளியிலும் பரதம் உண்டு, மூன்று வருடச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் 12 வயது ஆகியிருக்க வேண்டும், பாப்பாவுக்கு ஒன்பதுதான்.

கட்டணத்திலும் தூரத்திலும் மாடி வகுப்புதான் ஜெயிக்கும். கூட்டம் குறைவு, டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துத் திருத்துவார்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது தரை. பரதத்தில் முதலில் பழகும் அடிப்படை அசைவு தட்டடவு. அதை அரைமண்டியில், அதாவது முட்டியை இரு பக்கமும் விரித்து மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடுவார்கள். பாதம் முழுசாகத் தரையில் விழும். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஒரு தட்டு விழும் நேரத்துக்குள் வேகமான மூன்றாம் காலத்தில் நான்கு விழும். மாடியில் கான்கிரீட்டின் மேல் டைல்ஸ். அது இம்மியும் அமுங்காது. அடி மொத்தமும் கால் முன்னெலும்புக்கும் முட்டிக்கும் ஏறும். ஈரத்துணி போட்டுத் துடைத்த அன்றைக்கு வழுக்கவும் செய்யும். மையத்தில் மரச்சட்டம் அடித்து, கீழே இடைவெளி விட்டு, மேலே பலகை போட்டிருக்கிறார்கள். மிதித்தால் லேசாக அமுங்கி எழும். சில இடங்களில் சிமெண்டிலேயே பலகையை ஒட்டிவிட்டு மரத்தரை என்பார்கள். குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். 'தொம்' என்று கேட்டால் கீழே இடைவெளி இருக்கிறது, 'சப்' என்றால் அது பார்வைக்கு மட்டும்தான். (கோயில் திடலில் மண்தரையில் வள்ளி கும்மி ஆடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.)

மேடை உள்ளேயே இருப்பதால் பிள்ளை முதன்முதலில் சலங்கை கட்டி ஆடும் சலங்கை பூஜைக்கு மண்டபம் தேட வேண்டியதில்லை.

நாடகப் பிரிவைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாது. பாப்பா ஒரு கோடை முகாம்தான் போயிருக்கிறாள். கத்தாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசப் பழக்குகிறார்கள், அது பிடித்தது. முகத்தாலும் கையாலும் பாவம் காட்டும் அபிநயத்துக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பது வர்ணம் என்ற நீண்ட உருப்படியை ஆடும்போதுதான் தெரியும்.

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்து மாடி வகுப்பே போதும். மூன்றாம் காலம் தொடங்கும்போது தரையைப் பாருங்கள். டீச்சரை விட மனசில்லை என்றால், நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து போய் பலகை போடச் சொல்லிக் கேட்கலாம், செலவில் ஒரு பங்கு தருவதாகவும் சொல்லுங்கள்.